காசியில் விட்டது

1998 ஜூலை 12. இன்று எனக்கு எழுபத்தொரு வயதும் மூன்று மாதங்களும். பீரோவில் எதையோ தேடப்போக, நீ சென்ற தீபாவளிக்குத் தந்த பழுப்புநிறக் கைக்குட்டை ஒன்று மடிப்புக் கலையாமல் கீழே விழுந்தது. உன் அலமாரியின் வெட்டிவேர் வாசனை அதை விட்டுப் போகவில்லை. நீ போய் நான்கு மாதமாகிறது.

ஒரே கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தினோம்; நீ ரசாயனம், நான் தர்க்கவியல். உன் கன்னத்தில் பன்னீர்ப் புகையிலை, என் மூக்கில் பொடி. "விஷம் இன்னதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று நான் கேட்டால், "மூக்கு எதுக்குன்னு உனக்குத் தெரியலையே" என்பாய்.

ஓய்வு பெற்றபின், உன் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருப்பதைத் தியாகராய நகர் மருத்துவர் கண்டார். இப்போதே விட்டால் பிழைக்கலாம் என்றார். வெளியே வந்து, பாண்டி பஜார் கூட்டத்தின் நடுவே என் கையைப் பிடித்தாய்.

"தனியா விட என்னால ஆகாதுடி. நீ பொடியை விடு, நான் புகையிலையை விடறேன். காசிக்குப் போய்ச் சேர்ந்தே விட்டுட்டு வந்துடலாம்."

காசிக்குப் போனால் பிடித்த பொருளொன்றை விட்டு வர வேண்டும். மயிலாப்பூரில் நமக்குத் தெரிந்து போய்வந்தவர்களோ பிடிக்காத பாகற்காயைத்தான் விட்டிருந்தார்கள். அவர்களை நாம் கேலி செய்யாத நாளில்லை.

மார்கழிப் பனி. கரை எது, ஆறு எது என்று தெரியாத வெண்மையில் நம் படகு நின்றது. "புகையிலை" என்று உரக்கச் சொல்லி வெள்ளி டப்பாவை நழுவவிட்டாய். அது முழுகிய சத்தம்கூடக் கேட்கவில்லை. நானும் "பொடி" என்று சொல்லி என் டப்பாவைப் போட்டேன்.

அதன்பின் மூன்று வருடம். அறுபத்தேழு வயதில் நீ சைக்கிள் கற்றாய். அடையாறு காந்தி நகரின் தூங்குமூஞ்சி மரங்களுக்கடியில், காலை வெயில் புள்ளிபுள்ளியாக உன் புடவைமேல் ஓட, கனவில் வருகிறவளைப் போல வருவாய். கீரைக்காரி கூடையை இறக்கிவிட்டுக் கேட்பாள்: "இன்னா ஆயா, ரேஸுக்கா போய்க்கினு கீறே?"

"ஆமா, பின்னாடி ஏறிக்கோ."

ஒருமுறை விழுந்து முழங்கை சிராய்த்தபோது நடைபாதையில் உட்கார்ந்து சொன்னாய்: "இருக்கிற நாளே கொஞ்சம். அதுல பாதியை டப்பா எங்கேன்னு தேடியே கழிச்சுட்டேன்." சொல்லிவிட்டு மறுபடி ஏறிப் போனாய். வெள்ளைத் திட்டு மறைந்தே போயிற்று. கடைசியில் உன்னைக் கொண்டுபோனது இதயம், புகையிலை அல்ல.

"உனக்குக் கஷ்டமா இல்லையாடி?" என்று அவ்வப்போது கேட்பாய். "பழகிடுத்து" என்பேன். உண்மை தெரிந்தால் நீயும் டப்பாவிடம் திரும்பிவிடுவாய் என்று பயந்தேன். தீபாவளிதோறும் ஏன் பழுப்பிலேயே வாங்குகிறாய் என்று கேட்டதற்கு, "கறை தெரியாது" என்றாய். என்ன கறை என்று தர்க்கவியல் படித்தவள் கேட்கவில்லை. நீ எல்லாம் தெரிந்தே சைக்கிள் ஓட்டியிருக்கிறாய்.

ஆகவே இனி மறைப்பதற்கில்லை. கங்கையில் நான் போட்டது காலி டப்பா. நிறைந்தது கைப்பையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாய் பொடி என்றபோது மனம் வேறொன்றைச் சொல்லிற்று. நீ ஆசையாகச் செய்து கொண்டுவந்த புடலங்காய்க் கூட்டை வயிற்றைச் சாக்கிட்டுத் திருப்பி அனுப்பினேனே, என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. காசியில் நான் விட்டது புடலங்காயை. அந்த வாக்கை மட்டும் இன்றுவரை மீறவில்லை.