கேட்காமல் எழுதிய வரி

டேய்,

இன்று காலை ஒரு விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தது. படம் வரைந்ததற்காக, பாட்டுப் பாடியதற்காக வாயடைக்கப்பட்டவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஒரு குழு, எங்கள் சட்டக் கல்லூரியில் ஆள் எடுக்கிறது. ‘இந்தப் பணியில் உங்களுக்கு ஆர்வம் வந்தது எப்படி?’ என்று ஒரு கேள்வி. மனித உரிமை, கருத்துச் சுதந்திரம் என்று பக்கம் நிறைய எழுதிவிட்டேன். அத்தனையும் புளுகு. நிஜம் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான், நீயும் செத்துத் தொலைந்தாய்.

ஆம்பூரில் நாம் படித்தபோது, கல்லூரிச் சுவரிதழில் உன் அப்பாவை வரைந்தாய். தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டிக்குள் அவர் இறங்குகிறார். மேலே முதலாளி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அப்பா அதிலிருந்து உயிரோடு ஏறவில்லை என்பது ஊருக்கே தெரியும். அந்த முதலாளிதான் அந்த வருட ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்.

துறைத்தலைவர் படத்தைப் பிய்த்து, கிழித்துப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நீ மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்றார். நீ அசையவில்லை. உன் அம்மா என்னிடம் வந்து அழுதார். உனக்காக நான் எழுதினேன். ‘இனி எக்காலத்திலும் வரையமாட்டேன்’ என்று முடித்தேன்.

“இந்த லைன யார்டா கேட்டா?”

“கம்மியா எழுதுனா விடமாட்டாங்கடா. ஒரு லைன் ஜாஸ்தியா கெடக்கட்டும்.”

“சூப்பரா எழுதிக்கீற. நீ வக்கீலுக்குப் போ.”

கையெழுத்துப் போட்டாய். வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று வாசித்தாய். பிறகு ஷூ கம்பெனியில் சேர்ந்தாய், பென்சிலையே தொடவில்லை. ஏன்டா என்று கேட்டால், “அதான் எழுதிக் குடுத்துட்டமே” என்று சிரிப்பாய். அதற்குப் பதில் நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

போன ஆடியில், வேலைக்குப் போகும் வழியில் பைபாஸில் லாரி உன்னை அடித்துப்போட்டது. காரியத்தன்று உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அவங்கப்பாவப் போட்ட படம் உன்கிட்ட பத்திரமா கீதுன்னு சொல்லிக்கினே இருப்பான்பா. அவன் கையால போட்டது வேற ஒண்ணுமில்ல. அத்தக் குடு, மாட்டிக்கிறேன்.”

கிழித்தால் யாராவது ஒட்டிவிடுவார்களோ என்று பயந்து, துறைத்தலைவர் கொடுத்த அன்றைக்கே அதை எரித்துவிட்டேன்டா. எரிக்கும்படியும் என்னை யாரும் கேட்கவில்லை.

நேற்றுகூட உன் அம்மா போன் செய்தார். “கெடச்சுதாப்பா?”

“தேடிக்கினு இருக்கேம்மா” என்றேன்.