‘புதுசு’ என்று எழுதிய பாட்டில்

கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் ஈ பாட்டில்களிலிருந்து புளித்த வாழைப்பழ வாசனை வருகிறது. ஈக்குத் தீனியாகப் பழத்தில் ஈஸ்ட் போட்டு நாலு நாளானால் வருமே, அதே வாசனை. தோசைமாவும் பழக்கடையும் சண்டை போட்ட வாசனை என்பாய் நீ. அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நான் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். நாளைக் காலையில் உங்கள் ஊரில் அறிவியல் கண்காட்சி. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நம் கேள்வி சின்னதுதான். எங்கள் ராஜபாளையத்து மாம்பழத்தில் மொய்க்கும் பழ ஈயும், உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கொய்யாவில் மொய்க்கும் பழ ஈயும் ஒரே இனமா, வேறு வேறா? பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன.

“பாக்க ஒண்ணு போல இருந்தா ஆச்சா? ரெண்டும் சேந்து குட்டி போடணும்டி. அந்தக் குட்டியும் மலடா இருக்கக் கூடாது” என்று பஸ்ஸில் நீ சத்தமாகச் சொன்னாய். முன் சீட்டிலிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றுதான் நமக்கென்று ஒரு வார்த்தை வைத்தோம். இன்னும் ஆணோடு சேராத பெண் ஈக்குக் கன்னி ஈ என்று பெயர். இந்தச் சோதனைக்கு அது மட்டும்தான் ஆகும். ஆனால் அந்த வார்த்தையை வீட்டில் எப்படிச் சொல்வது? “புதுசுன்னு வச்சுக்குவோம்” என்றாய். “பத்து புதுசு எடுத்து வையிட்டி” என்று நீ போனில் சொன்னபோது, பக்கத்தில் நின்ற என் அம்மா ரிப்பன் என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தாவுக்கு ஈ என்றாலே ஆகாது. பழக்கடைக்காரருக்கு எப்படி ஆகும்? “ஊரே ஈய வெரட்டுது, நீ வீட்டுக்குள்ள வளக்கியா? ஒண்ணு கடைப்பக்கம் வந்துச்சு, பெத்த மகன்னு பாக்க மாட்டேன், ஒன்னயத்தான் விசிறியோட நிக்க வைப்பேன்” என்றார். ஆனாலும் தினமும் அழுகின மாம்பழத்தை எனக்காக ஒதுக்கி வைத்தார்.

காலை ஆறு மணிக்குப் பாட்டிலிலிருந்த ஈக்களையெல்லாம் வெளியேற்றிவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கூட்டைவிட்டுப் புதிதாக வந்தவை பறந்துகொண்டிருக்கும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் செத்த நேரம் வைத்தால் மயங்கிவிடும். பெண் ஈக்களை மட்டும் தூரிகையால் பிரித்தெடுத்து ‘புதுசு’ என்று எழுதிய பாட்டிலில் போட்டேன். நீ கொண்டுவந்த ஆண் ஈக்களை அதில் விட்டோம்.

ஐந்தாம் நாள் வெள்ளைப் புழு நெளிந்தது. அப்போது நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாய். போனில் உன் குரலே மாறியிருந்தது.

“புழு வந்துருச்சா?”

“எம்புட்டு நெளியுது தெரியுமா!”

“அப்போ ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சம்பந்தம் பண்ணிக்கலாம்னு எழுதிருட்டி.”

சிரிக்கப் போய் இருமினாய். உன் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி. அந்தப் புழுக்கள் ஈயாகி அவற்றுக்கும் புழு வந்தபோது சொல்வதற்கு நீ இல்லை. ‘ஒரே இனம்’ என்று சார்ட்டில் எழுதி, முதலில் உன் பெயரையும் கீழே என் பெயரையும் போட்டேன்.

சென்ற மாதம் உன் அம்மா நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உன் நோட்டையும் உன் வீட்டு ஈ பாட்டிலையும் என் கையில் கொடுத்தார். “இதுல என்னமோ பறந்துக்கிட்டே இருக்கு தாயி, தூர எறிய மனசு வரல. எம்பிள்ள கண்டுபிடிச்சத நீதான் எல்லாருக்கும் சொல்லணும். நானும் வாரேன்” என்றார்.

அன்றே நோட்டைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் கூச்சமே இல்லாமல் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய்: ‘கன்னி ஈ. கூட்டைவிட்டு வந்த எட்டு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்.’

எட்டு மணி நேரம். நான் எடுத்தது பத்துப் பதினோரு மணி நேரம் கழித்து. அதற்குள் அதே பாட்டிலில் இருந்த ஆண் ஈயோடு சேர்ந்திருக்கலாம். புதுசு என்றால் அன்றைக்கு வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரியும் என்று நீ நினைத்திருப்பாய். நாம் இருவரும் தினமும் சொன்ன ஒரே வார்த்தைக்கு உனக்கு ஒரு பொருள், எனக்கு ஒரு பொருள்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, பழையபடி சாயங்காலத்தில் பெண் ஈக்களை எடுத்து, ஆணே இல்லாத பாட்டிலில் விட்டேன். ஐந்தாம் நாள் அதிலும் புழு. பெண் ஈ ஒருமுறை சேர்ந்தால் போதும், ஆணின் விந்தைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்து நாள்கணக்கில் முட்டையிடுமாம். நாம் கொண்டாடிய புழுக்களுக்குத் தகப்பன் உங்கள் ஊர் ஈயாகவும் இருக்கலாம், எங்கள் ஊர் ஈயாகவும் இருக்கலாம். உன்னிடம் போனில் சொன்னது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

நாலு நாளைக்கு முன் மறுபடி தொடங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் காலி செய்து, பள்ளிக்கூடம் கிளம்புமுன், மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டேன். பாதியை உன் பாட்டிலின் ஆண் ஈக்களோடு விட்டேன், பாதியைத் தனியாக வைத்தேன். இதுவரை இரண்டிலும் புழு இல்லை. நாளைதான் ஐந்தாம் நாள். வருமா, வராதா, தெரியாது.

சார்ட்டில் ‘ஒரே இனம்’ என்ற இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி ‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டேன். தவறு என்னுடையது என்று அதன் கீழேயே எழுதியிருக்கிறேன். டீச்சருக்குத் தெரியாது. டீச்சர் திட்டினால் வாங்கிக்கொள்வேன். உன் அம்மா எதிரே வந்து நிற்பாரே, அதற்குத்தான் பயம். நோட்டின் மூன்றாம் பக்கத்தை அவருக்கு முதலில் காட்டப்போகிறேன். நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

இரண்டு பாட்டிலையும் துண்டில் சுற்றிப் பையில் வைக்க வேண்டும். பஸ்ஸில் மடியில்தான் வைத்துக்கொள்வேன். பழைய லேபிளைக் கிழித்துவிட்டுக் ‘கன்னி ஈ’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். என்ன ஈ என்று முன் சீட்டில் யாராவது திரும்பிக் கேட்டால், புதுசு என்று சொல்ல மாட்டேன்.