டோப்பா வைத்த மனைவி

ஜெர்மனி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? பௌர்ணமிக் கூட்டத்தில் கடையைத் தனியாகச் சமாளித்தீர்களா?

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நேற்று ஒரு பாட்டு நாடகத்தைத் திரையில் காட்டினார்கள். நூற்றைம்பது வருஷத்துப் பழைய நகைச்சுவை நாடகத்தை இந்தக் காலத்துக்கு மாற்றி மேடையேற்றிப் படம் பிடித்திருக்கிறார்கள். நம் கூத்தில் கிரீடம் வைத்தவர்தான் ராஜா. இங்கே ராஜா குளியல் துண்டோடு வந்தார். கிரீடம் வைத்தவர் பீட்சா கொண்டுவந்தார். ஒரு கோமாளி எங்களைப் பார்த்து, "இதில் யார் ராஜா?" என்று கேட்டார். கூத்தில் கட்டியங்காரன் கேட்டால் நாம் பதில் சொல்வதுதானே வழக்கம்? "தெரியலீங்க!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

"ஏண்டி, படத்துக்கெல்லாமா பதில் சொல்லுவ?" என்று கூட வேலை செய்யும் வந்தவாசி கீதாஞ்சலி தலையில் அடித்துக்கொண்டாள். முதியவர்கள் கைதட்டினார்கள். அதன்பிறகு பாட்டெல்லாம் எனக்கும் பிடித்துப்போனது.

ஒன்றுதான் புரியவில்லை. மனைவி மஞ்சள் டோப்பா வைத்துக்கொண்டு வருகிறாள். புருஷனோ, "என் மனைவியைப் பார்த்தீர்களா?" என்று அவளிடமே பாடுகிறான்.

"இப்படியும் ஒருத்தன் இருப்பானா?" என்றேன்.

"எல்லா ஆம்பளையும் அப்படித்தான்டி" என்றாள் கீதாஞ்சலி.

சீயக்காய்த் தூள் அரைக் கிலோ அனுப்புங்கள். இல்லை, கால் கிலோ போதும். இந்த ஊர்த் தண்ணீருக்கு முடி கொட்டியதால் காதளவு வெட்டிவிட்டேன். போனில் கேமரா கெட்டுவிட்டது என்று சொன்னது பொய். சித்திரையில் நான் வரும்போது விமான நிலையத்தில் உங்கள் பெண்டாட்டியின் பின்னலைத் தேடாதீர்கள். நானே முதலில் கையாட்டுகிறேன். யாரென்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
மதிவதனி