மாடிக்கு விட்ட கம்பி

12.3.2004, லப்பைக்குடிக்காடு

ஜும்மா தொழுகை முடிந்து, நாங்கள் கட்டப்போகிற வீட்டைப் பற்றிப் பேச இவருடைய அண்ணன் கவுஸ் மச்சான் வந்தார். "செங்கல் சுவத்து மேலயே தளம் போட்டுறலாம் நஃபீசா. பில்லர் எதுக்கு?"

மனை கரிசல் மண். வெயிலில் வெடிக்கும், மழையில் ஊதும். பில்லர் இல்லாமல் எப்படி? பிறகு மாடி வேறு எடுக்கணும் என்றேன்.

"ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. கட்டிக்குடுத்தா போயிரும். மாடி யாருக்கு?"

யாருக்கா? கீழே மூத்தவள் ஷைமாவுக்கு, மேலே அவள் தங்கைக்கு. கட்டிக்கொடுத்தால் என்ன, திரும்பி வர ஒரு கதவு வேண்டாமா?

15.3.2004

சவூதியில் தம்மாமிலிருந்து இவர் போன். "அண்ணன் சொல்றபடி கேளு."

மாட்டேன் என்றேன். அந்த வீட்டில் இருக்கப்போவது நானா, அண்ணனா?

2.4.2004

மச்சான் சொல்லிவிட்ட செங்கல் வந்தது. நெஞ்சு உயரத்திலிருந்து ரெண்டு கல்லைக் கீழே போட்டேன். ரெண்டும் உடைந்தது, உள்ளே வேகாத மண். டிராக்டரைத் திருப்பி அனுப்பினேன். "தெருவே பாக்குதும்மா" என்றார் கொத்தனார் அரியமுத்து.

பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும்.

5.4.2004

செங்கல்லே வேண்டாம், ஹாலோ பிளாக். பாரத்தைப் பில்லர் தாங்கும், பிளாக் சும்மா அடைத்து நிற்கும் என்று அரியமுத்தும் ஒத்துக்கொண்டார். கம்பிச் செலவுக்காக ஹாலைச் சுருக்கினேன். டைல்ஸும் கிடையாது. சிமெண்ட் தரையில் நடந்தால் கால் தேய்ந்தா போகும்?

20.8.2004

தளம் போட்டாச்சு. மாடிக்காக விட்ட பில்லர் கம்பிகள் தளத்துக்கு மேலே இடுப்பளவு நிற்கின்றன. "மொட்டையா நிக்குது, பாக்க நல்லால்ல" என்று மச்சான் ரம்பத்தோடு ஆள் அனுப்பினார். ஏணியை உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். அறுக்கிறவன் பறந்து போய் அறுக்கட்டும்.

11.12.2004

மழை. கம்பியில் துரு. இன்னைக்கு அழுதுட்டேன். இவரும் வந்து அறுன்னு சொன்னா — என்ன பண்ணுவேன்?

விட மாட்டேன். அதுதான் பண்ணுவேன்.

8.5.2005

இவர் லீவில் வந்திருக்கிறார். நேற்று மச்சான் வீட்டில் விருந்து. அண்ணனும் தம்பியும் வெகுநேரம் பேசினார்கள். காலையில் எழுந்ததும், "ஏணி வச்ச ரூம் சாவி எங்க?" என்றார். கொடுத்தேன்.

பொறுக்கமாட்டாமல் பின்னாலேயே ஏறிப் போனேன். துருவைச் சுரண்டிவிட்டு, மறுபடி துரு ஏறாமலிருக்க ஒவ்வொரு கம்பிக்கும் சிமெண்ட் பால் பூசிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. கீழே நின்ற மகளைக் கூப்பிட்டு, "ஷைமா, மாடிப்படி எந்தப் பக்கம் வருதுன்னு அம்மாவக் கேளு" என்றார்.

வடக்குப் பக்கம் என்றேன். அதற்கு அப்போதே இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.