மாலுமிகள் என்று சொல்லிவிட்டுப் போனவளுக்கு

அடியே தேவி, என் கண்ணே,

நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது. நாங்கள் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய். ஆக்லாந்தில் மழை விட்டபாடில்லை. கிளென் ஈடனில் வீடு முழுக்க ஈரத்துணி தொங்குகிறது, அதன் நடுவே நின்று நான் நீச்சலுடை மடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில், இந்த உடம்புக்கு, நீச்சல் தெரியாதவளுக்கு நீச்சலுடை. எல்லாம் உன்னால் வந்தது.

ஆமாம், நீ போட்ட திட்டப்படியே கிரீஸ் போகிறோம். மலேசியாவிலிருந்து வந்து இங்கே கூட்டாளிகளான நாலு பெண்கள், கணவன்மார் தொல்லை இல்லாமல், வெதுவெதுப்பான கடலில் ஒரு பாய்மரப் படகு. ஓட்ட ஒரு கேப்டன், சமைக்க ஒரு ஆள். நாம் கால் நீட்டி உட்கார்ந்தால் போதும் என்று சொல்லித்தானே எங்களை மடக்கினாய்? பதிவு செய்த கையோடு, நவம்பரில், பென்ரோஸில் வேலை செய்துகொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். பிறகு எழுந்திருக்கவே இல்லை. பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்று நானும் மேரியும் சொன்னோம். லதாதான் ஒப்புக்கொள்ளவில்லை. ரத்து செய்தால் நீ கனவில் வந்து திட்டுவாய் என்றாள்.

பெட்டி கட்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. படகில் கெட்டிப் பெட்டி வைக்க இடமில்லையாம், மடித்து வைக்கிற துணிப்பைதான் கொண்டுவர வேண்டுமாம். நம் வீடுகளில் துணிப்பையா இருக்கிறது? கராஜ் முழுக்க ஆளையே உள்ளே வைத்துப் பூட்டுகிற அளவுக்குப் பெட்டிகள்தான். மேரி மிளகாய்ச் சம்பால் பாட்டில்களைத் துண்டில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். சமையல்காரர் கோபித்துக்கொள்வார் என்றால், கோபித்துக்கொள்ளட்டும், அவருக்கும் கொஞ்சம் கொடுப்பேன் என்கிறாள். நான் வாந்தி மாத்திரையும் இஞ்சி மிட்டாயும் ஒரு பை நிறைய வாங்கிவிட்டேன். படகைச் சுற்றிக் கம்பி எவ்வளவு உயரம் என்று கேட்டுப் படகுக் கம்பெனிப் பெண்ணைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, இப்போது என் குரல் கேட்டாலே அவள் பெருமூச்சு விடுகிறாள்.

ஆனால் என் பயம் கம்பியைப் பற்றியது மட்டும் இல்லை. உன் மகளைப் பற்றியது.

போன மாதம் உன் வீட்டுக்காரர் குணா என் வீட்டுக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "அக்கா, தேவி எடத்துல காவ்யாவ கூட்டிட்டுப் போறீங்களா? அவளே கேக்கச் சொன்னா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ஆனால் சரி என்றும் வரவில்லை. நீ போனதிலிருந்து காவ்யா பேசுவது குறைந்துவிட்டது. இந்தக் குளிரிலும் பீஹா கடற்கரைக்குத் தனியாகப் போய் அந்த அலையில் நீந்திவிட்டு வருகிறாளாம். அவள் நடுக்கடலில் படகிலிருந்து குதித்து, தலை வெளியே வரக் கொஞ்சம் தாமதமானால் நான் என்ன செய்வேன்? கத்துவேன். அதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அப்புறம் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அதற்குள் குணா மூலம் விஷயம் ஊருக்கு, ஈப்போவுக்கே போய்விட்டது. உன் அண்ணன் எனக்கே போன் போட்டார். தாய் போய் ஓராண்டுத் திதிகூடக் கொடுக்கவில்லை, குடும்பத்தில் தீபாவளி இல்லை, கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, பிள்ளைக்கு மட்டும் கடலில் உல்லாசமா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. பெரியவர் வேண்டாம் என்கிறார் என்று அவர் தலையில் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம் அல்லவா?

அப்படி நான் ஒதுங்க வழி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கேப்டனிடமிருந்து மெயில் வந்தது. கம்பெனியோடு பேச உன் பெயருக்குப் பதில் இப்போது என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம். ஆக்லாந்து மாலுமிகளை வரவேற்பதில் ரொம்ப சந்தோஷம் என்று எழுதியிருந்தார். அனுபவசாலிகள் என்பதால் கரையோரமாகச் சுற்றாமல், காற்று பலமாக அடிக்கிற திறந்த கடலைக் கடக்க வழி போட்டிருக்கிறாராம். சுக்கான் பிடிக்க யாருக்கு விருப்பம் என்று வேறு கேட்டிருந்தார்.

கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டால் அவள் நிதானமாகச் சொல்கிறாள், தேவி அப்படித்தான் சொன்னார், நீங்கள் நாலு பேரும் சிறு வயதிலிருந்தே படகு ஓட்டுகிறவர்களாமே என்று. ஏண்டி? ஆக்லாந்திலிருந்து பேசிக்கொண்டு படகு ஏறியதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததா? நீச்சல் தெரியாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்தாயா? துறைமுகம் முழுக்கப் பாய்மரம் நிற்கிற ஊரில் இத்தனை வருஷம் இருந்து, நாம் ஏறியது வைஹெக்கே தீவுக்குப் போகிற ஃபெரியில் மட்டும். அதிலும் லதா வாந்தி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேரியும் லதாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். மெயிலை வாசித்துக் காட்டினேன். முதலில் மூன்று பேரும் பேயறைந்த மாதிரி இருந்தோம். பிறகு மேரி சிரிக்க ஆரம்பித்தாள். நீ அந்தக் கம்பெனிப் பெண்ணிடம் எந்தக் குரலில் சொல்லியிருப்பாய் என்று லதா நடித்துக் காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது காவ்யா உள்ளே வந்தாள். அப்பா கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பாத்திரம் கையில் இருந்தது. விளக்கை அணைத்த மாதிரி நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். காலைப் பசியாறினாயா என்று நான் கேட்டேன். மாலை நாலு மணிக்கு.

அவள் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்கிறேன்.

"நான் வந்தா எல்லாரும் நிறுத்திடுறீங்க. வீட்டுல அப்பாவும் அப்படித்தான். எனக்கு அவங்கள அம்மாவா மட்டுந்தான் தெரியும். உங்ககூட எப்படி இருப்பாங்கன்னு தெரியாது. அந்தப் படகுல நீங்க அவங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருப்பீங்க. அதுக்குத்தான் நான் வர்றேன்னு சொன்னேன்."

நான் எழுந்து போய் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். உன் அம்மா எங்களை மாலுமிகள் என்று சொல்லிவிட்டாள் என்றேன். கேப்டனின் மெயிலை அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பிறகு சிரித்தாள், தேவி. அப்படியே உன்னை மாதிரி, மூக்கால் சத்தம் போட்டு. சிரித்துக்கொண்டே இருந்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். உன் சாவுக்கு வந்தபோதுகூட நான் அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பிள்ளை தைரியமாக இருக்கிறாள், நாம் கெடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் அப்படி நினைத்தோமோ.

மறுநாள் உன் அண்ணனை நானே கூப்பிட்டேன். "அண்ணே, நாங்க உல்லாசத்துக்குப் போகல. அந்தப் பிள்ளைகிட்ட இன்னும் ஒருத்தரும் சரியா துக்கம் விசாரிக்கல. அதுக்குத்தான் போறோம்" என்றேன். அவர், அந்தப் படகில் சைவச் சாப்பாடு கொடுப்பார்களா என்று கேட்டார். கொடுப்பார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். புதுத்துணி மட்டும் வாங்கிக் கொடுக்காதே என்றார். சரி அண்ணே என்றேன். காவ்யாவுக்குப் பழைய உடைகளைத்தான் எடுத்து வைத்திருக்கிறோம்.

கேப்டனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒருவருக்குத்தான் நீச்சல் தெரியும், மற்ற மூவரும் தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவர்கள் என்றேன். அவர் கரையோரமாகவே வழியை மாற்றிப் போட்டுவிட்டார். மெயிலில் ஒரு சிரிப்புப் படம் வேறு.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நேற்று லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது, அதுவும் கம்பளத்தின்மேல் நின்றுகொண்டு. நீயும் நானும் படுப்பதாக இருந்த கேபினில் இனி காவ்யாவும் நானும். அவள் காலையில் எழுந்து தண்ணீரில் குதிக்கும்போதெல்லாம் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தலையைத் தேடிக்கொண்டிருப்பேன். போகாதே என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இன்று அவள் வந்து பைகளை எடை போட்டுக் கொடுத்தாள். போகிற போக்கில், அம்மா படகில் ஏறியதும் முதலில் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பாட்டுப் பாடியிருப்பாயா, சமையல்காரரிடம் போய் நின்றிருப்பாயா, கேப்டனிடம் சுக்கானைக் கேட்டிருப்பாயா? தெரியவில்லை, தேவி. தெரியாது என்று அவளிடமும் சொன்னேன். அதைப் பார்க்கத்தான் நானும் உன்கூட வருவதாக இருந்தேன்.

அவள் முன்னால் இனி வாயை மூட மாட்டேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை, நல்லதும் கெட்டதும், ஒன்றுவிடாமல் சொல்வேன். அவளைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து குணாவின் கையில் ஒப்படைப்பேன். நீச்சல் தெரியாதவள் கொடுக்கிற வாக்குதான். ஆனாலும் நம்பு.

உன் அக்கா,
காவ்யாவுக்குப் பெரியம்மா,
புஷ்பா