குமிழ்கள் நின்ற பிறகு

இன்று காலை அமிலத்துக்குள் ஆக்சிஜன் குழாயை இறக்கியதும் அந்தக் களகளச் சத்தம் கேட்டது. உடனே நீ வந்துவிட்டாய். ஆய்வகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

நாம் இருவரும் புனேவுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஆய்வக வாசலில் இருந்த டப்ரி டீக்கடையில் டீ குடிக்கும்போதுதான் நீ அந்தப் பெயரை வைத்தாய். கரி வட்டின்மேல் படியவைக்கும் பிளாட்டினப் படலத்துக்கு 'ஆடை'. டீயின்மேல் மிதந்த பாலாடையை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "இந்த மாரி மெலிசா இருக்கணும்" என்றாய். பிறகு மராத்திக்கார நண்பர்கள்கூட "ஆடை ரெடி ஹை க்யா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஆடையின்மேல் ஆக்சிஜன் தண்ணீராக மாறும். எவ்வளவு சுலபமாக மாறுகிறது என்று அளப்பதே நம் பிழைப்பு. துளி உப்பு பட்டால் போதும், எல்லாம் கெட்டுவிடும். நம் ஆய்வுக் கட்டுரை நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்த அன்று கருவியின்மேல் குனிந்து அழுதேன். ஆறுதல் சொல்வாய் என்று பார்த்தால், உன் திருநெல்வேலி வாயைத் திறந்து, "ஏட்டி, தள்ளிப் போயி அழு. கண்ணீருல உப்புல்லா கெடக்கு!" என்று விரட்டினாய். பாவி! அழுகையோடு சிரித்துத் தொலைத்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டிலும் ஆக்சிஜன் ஒரு சின்ன பாட்டில் தண்ணீருக்குள் குமிழியிட்டுத்தான் வந்தது. அதே சத்தம். நீயும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாய். மாஸ்க்குக்குள்ளிருந்து, "நல்லா ஏறட்டும். பொறவு அளப்போம்" என்றாய். இங்கே கரைசலில் ஆக்சிஜன் நிறைந்ததும் குழாயை மேலே தூக்கிவிடுவோம். சத்தம் நின்ற பிறகே அளவீடு. அங்கே சத்தம் நின்றபோது அளக்க ஒன்றுமில்லை.

நீ படியவைத்த கடைசி வட்டு என்னிடம் இருந்தது. நம் வேலை முடிய அதைத்தான் சோதிக்க வேண்டும். ஆனால் நீண்ட சோதனையில் அமிலம் ஆடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். உன் கைவேலையில் வேறு எதுவும் மிச்சமில்லை. பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இத்தனை நாளும் போனது. பூட்டி வைத்தால் மட்டும் நீ திரும்பி வரவா போகிறாய்?

இன்று அதை மாட்டினேன். குழாயைத் தூக்கினேன். சத்தம் நின்றது. திரையில் கோடு இறங்கி, பிசிறில்லாமல் நீண்டது. நீ போட்ட ஆடை எவ்வளவு அழகாக வேலை செய்தது தெரியுமா! கண் நிறைந்துவிட்டது. பின்னாலிருந்து "ஏட்டி" என்று ஒரு குரல். சத்தியமாகக் கேட்டேன்.

தள்ளிப் போய் அழுதேன்.