நாளை உங்களுக்கு நான்கு அடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுத இன்னும் கொஞ்ச நாள் ஆகும், நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். மாமாவுக்குத் தாடையில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பாலும் சூப்பும்தான், அதுவும் உறிஞ்சுகுழலில். உன் அப்பா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து இளைத்துவிட்டார். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவை மாமா வார்டு முழுக்கப் போட்டுக் காட்டியிருக்கிறான். பேச முடியாத மனுஷன், உன் குரலைத்தான் தன் வாயாக வைத்திருக்கிறான். “அவன் கையை எடுக்காம விடமாட்டேன் மாமா, மாசக் கடைசிக்கு டிக்கெட் போட்டுட்டேன், நாலு பேரோட வர்றேன்” என்று நான் பெற்ற பிள்ளை பேசுவதைப் பக்கத்துக் கட்டில்காரர் தலையாட்டி ரசிக்கிறார். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதமென்றால் கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

உனக்குப் பாதிக் கதைதான் வந்திருக்கிறது. ஆற்றின் எந்த மதகில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கு வைக்கும் எங்கள் ஆபீஸ் சாஃப்ட்வேர் உனக்குத் தெரியும், அதில் புதிதாக என்னென்ன சேர்க்கலாம் என்று திட்டம் போடும் வேலை என் தலையில். முதலில் சேர்த்தது, மதகு திறக்கும் முன்பு விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. ‘நாளை உங்கள் மதகில் நீர்மட்டம் நான்கு அடி உயரும்’ என்று எழுதிக் கொடுத்தோம். செய்தி நீளம் மிஞ்சுகிறது என்று கம்பெனி இன்ஜினியர் வெட்டி வெட்டி, கடைசியில் போனது ‘நாளை உங்களுக்கு 4 அடி’. கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார், எல்லோரும் தலையாட்டினோம், எங்களுக்கு அடி என்றால் அளவு மட்டும்தான். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் தண்ணீர்த் தகராறில் மேல்மடை ஆட்கள் கீழ்மடைக்காரர்கள் இரண்டு பேரை அடித்துத் துவைத்து வாய்க்காலில் எறிந்திருந்தார்கள். அந்தக் கோபத்தோடு படுத்து எழுந்த கீழ்மடைக்கு, அரசாங்க நம்பரிலிருந்து, நாளை உங்களுக்கு நாலு அடி.

டீ வந்த நேரம் அவர்களும் வந்தார்கள், மண்வெட்டிக் காம்பும் கடப்பாரையுமாக. முதலில் வாசல் கண்ணாடி, பிறகு மானிட்டர்கள் ஒவ்வொன்றாக. சர்வரைக் கவிழ்த்து மிதித்தார்கள், வயர்கள் குடல் சரிந்ததுபோல வெளியே தொங்கின. அளவுகோல் பார்க்கும் பெரியவரின் தலையைச் சுவரில் மோதினார்கள். “எங்களுக்கு நாலு அடியா? எண்ணிக்கடா, ஒண்ணு” என்று ஒருவன் ஒவ்வொரு அடிக்கும் எண் சொன்னான், நாலு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. மதகைச் சுற்றும் இரும்புக் கைப்பிடிக்கு எண்ணெய் போட ஆபீசுக்கு வந்திருந்த மாமா ஓடிவந்து என் அறை வாசலை அடைத்து நின்றான். அந்த எண்ணுகிறவனின் காம்பு மாமாவின் தாடையில் இறங்கியது. காய்ந்த கிளை ஒடிகிற சத்தம். மேசைக்கடியில் என் கைப்பக்கம் ஒரு பல் வந்து விழுந்தது, அதை ஏனோ உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டேன்.

இதுவரை உனக்குத் தெரியும். மாமா உனக்கு எழுதி அனுப்பியதில் விட்டதைச் சொல்கிறேன். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். அந்த ஆள் மட்டும் கண்ணாடித் தூளில் வழுக்கி விழுந்தான், காம்பு கையைவிட்டுப் போய்விட்டது. மாமா வாயில் ரத்தம் ஒழுக ஒழுக இரும்புக் கைப்பிடியை ஓங்கி அவன் முழங்காலில் அடித்தான். “விழுந்தவனை அடிக்காதேடா” என்று கத்தினேன். மாமா நிறுத்தவில்லை, எண்ணவும் இல்லை. அந்த ஆள் இப்போது அதே ஆஸ்பத்திரியில் கீழ் மாடியில், தொடைக்குக் கீழே கால் இல்லாமல். ஒரு காலை எடுத்தாயிற்று கண்ணா, நீ வந்து கையையும் எடுத்தால் அவன் பிள்ளைகள் உன்னிடம் எதை எடுக்க வருவார்கள்?

போன வாரம் திட்டக் கூட்டம் மறுபடி நடந்தது, உடைந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டி. மேலதிகாரி, “யாருக்கும் எதையும் காட்ட வேணாம், காட்டினாத்தானே வம்பு” என்றார். மூடிவைத்தால் அவரவர் மனசு இன்னும் பெரிய கணக்குப் போடும், இரண்டு மடையிலிருந்தும் ஆளை உட்காரவைத்தே செய்வோம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். இப்படி எழுதியதும் அந்த ஆள் ஞாபகம் வந்து கை கூசுகிறது, இருக்கட்டும். மறுநாள் கூடியபோது கீழ்மடை சார்பில் வந்தது அவன் மனைவி. நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள், துப்பப்போகிறாள் என்று நினைத்தேன். இன்ஜினியர், அடியை எடுத்துவிட்டுக் கன அடி என்று போடலாம் என்றார். “அது இன்னும் கனமால்ல விழும்” என்றாள் அவள். பிறகு எல்லா மதகின் அளவையும் எல்லோரும் பார்க்கும் புதுத் திரை, அதில் பொத்தான் மேல் ‘தண்ணீர் காட்டு’ என்று எழுதியிருந்தது. “ஏன் சார், அடிச்சாச்சு, இனிமே தண்ணி வேற காட்டப் போறீங்களா?” என்றாள். மேல்மடைக்காரர்தான் முதலில் சிரித்தார். இனி மீட்டர்தான், எந்தச் செய்தியும் இரண்டு மடை ஆளும் படித்துச் சொன்ன பிறகுதான் போகும் என்று முடிவானது.

படியிறங்கும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், வலித்தது. “உங்க பையன் வர்றானாமே. ஆஸ்பத்திரியே பேசுது. என் பெரியவன் வேலைக்குப் போகாம வாசல்ல அரிவாளோட உக்காந்திருக்கான். வரமாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, நான் அவனை எழுப்பிடுறேன்” என்றாள். உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போதைய உன் வயதுகூட இல்லை, அன்றைக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. வரமாட்டான் என்றேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை. நேற்று அவள் பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறான், வெறுங்கையோடு.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் கை யார்மேலும் ஓங்காமல் இருக்க வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்ததும் மறக்காமல் ‘ஆச்சு’ என்று ஒரு வார்த்தை அனுப்பு. அதை நான் கீழ் மாடிக்கு எடுத்துப்போய் அவளிடம் காட்ட வேண்டும்.

உனக்காக வாக்குக் கொடுத்துவிட்ட
அம்மா